எட்டுப் பாட்டுக்குப் பொருள் சொன்னவர்கள்

என் தங்கை பாடுகிறாள் என்பதே எனக்குத் தம்புள்ளை பஸ்ஸில்தான் தெரிய வந்தது. கடை வேலை முடிந்து மாத்தளையில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கண்ணை மூடியிருந்தேன். கொண்டக்டர் தன் போனை ஸ்பீக்கரில் மாட்டி ஏதோ புதுப் பாட்டைப் போட்டார். ஹிப்ஹொப். கடகடவென்று சண்டை பிடிப்பது போலப் பாடும் ஒரு பெண் குரல். இரண்டாவது வரியில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் சம்பலில் உப்புப் போதவில்லை என்று என்னோடு மல்லுக்கு நின்ற அதே குரல்.

குரல் போகட்டும். பாட்டு என்னைப் பற்றியது. அக்காவுக்கு ஒரு கடிதம் வந்ததாம், தோட்டத்து ஆபீஸ் லாச்சிக்குள் பதினொரு நாள் தூங்கியதாம், அக்கா இன்னும் டவுன் கடையில் கொப்பி, பென்சில் விற்கிறாளாம். மிளகு மூட்டையோடு நின்றவர், பிள்ளையை மடியில் வைத்திருந்தவர் என்று பஸ் முழுக்க என் கதையைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டு வந்தது. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

கதை உண்மைதான். எங்கள் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்குத் தனித்தனி விலாசம் கிடையாது. எல்லாருடைய கடிதமும் ஆபீசுக்கு வரும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். பெரட்டுக்கு ஆள் வராத வீட்டின் கடிதம் பெரிய கிளாக்கருடைய மேசை இழுப்பறைக்குள், அந்த லாச்சிக்குள் போகும். போய்க் கேட்டால் இழுத்துப் பார்த்துத் தருவார். கேட்காவிட்டால் அங்கேயே கிடக்கும். ஒன்பது வருடத்துக்கு முன் தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் உதவியாளர் வேலைக்கு எனக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்த நேரம், அம்மா காய்ச்சலில் படுத்திருந்தார். பதினொரு நாள் எங்கள் வீட்டிலிருந்து யாரும் பெரட்டுக்குப் போகவில்லை. அடுத்த நாள் அம்மா கடிதத்தோடு வந்தபோது தேர்வு முடிந்து ஒரு வாரமாகியிருந்தது.

வீட்டுக்குப் போனதும் பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டேன்.

"ஏன்டி, என் மானத்த வாங்க ஒனக்கு வேற வழி கெடைக்கலையா?"

"ஒன் மானம் ஏன்க்கா போகுது? கடுதாசிய வச்சிருந்தவங்க மானந்தானே போகணும்?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப."

சொல்லியிருப்பேன்தான். அதனால்தான் யாருக்கும் மூச்சுவிடாமல், விளம்பரம் எதுவும் போடாமல், ஒரு வெள்ளிக்கிழமை விடியும்போது எட்டுப் பாட்டையும் மொத்தமாக இணையத்தில் ஏற்றிவிட்டிருக்கிறாள். திடீரென்று விடுவதுதான் இப்போது பாணியாம். போன் கடைக்குப் பின்னால், சுவரில் மெத்தையைச் சாத்தி வைத்துப் பதிவு செய்தார்களாம். அல்பத்தின் பெயர் 'பெரட்டு'. அடியில் எங்கள் தோட்டத்து விலாசத்தைப் பெருமையாக எழுதியும் வைத்திருந்தாள்.

என் கோபத்துக்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. அதே வேலைக்கு நான் திரும்பவும் விண்ணப்பம் போட்டிருந்தேன். இந்த வருடத்தோடு என் வயதெல்லை முடிகிறது. இதை விட்டால் இனிக் கிடையாது. நிரந்தர விலாசம் என்று கிராம சேவகர் உறுதிப்படுத்தியது தோட்டத்து விலாசத்தைத்தான். அம்மா இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார். ஆகவே சனிக்கிழமை தவறாமல் நானே ஆபீஸ் வாசலில் போய் நின்று, "ஐயா, கடிதம் ஏதும் வந்திச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு வந்த பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்பது? வந்தால் சொல்லியனுப்பாமலா இருப்பார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு போகாமல் இருந்துவிட்டேன். இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருவது அந்த இடத்தில்தான்.

தங்கையோடு பேசாமல் இருந்த அந்த நாட்களில், பஸ்ஸில் போக வர எட்டுப் பாட்டையும் கேட்டேன். குற்றம் பிடிக்கத்தான் கேட்டேன். பிடிக்க முடியவில்லை. முதல் பாட்டு பெரட்டு மணியோடு தொடங்குகிறது. கடைசிப் பாட்டு சாயந்தரம் றப்பர் பால் நிறுக்கும் இடத்தில் முடிகிறது. ஒரு தோட்டத்து நாள் முழுவதையும் எட்டாக நறுக்கி வைத்திருந்தாள். மேளம் என்று நினைத்தது எங்கள் வீட்டுப் பால் வாளி; கைப்பிடி கழன்று அம்மா தூக்கிப் போட்டது. கடிதப் பாட்டு முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்காது. போன் கெட்டுவிட்டதோ என்று நான் தட்டிப் பார்த்தேன். பிறகு எண்ணினேன். பதினொரு விநாடி. பஸ்ஸில் வைத்தே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் டவுனில் ஓர் இலக்கிய வட்டம் இந்த அல்பத்துக்கு ஆய்வரங்கு வைத்தது. நோட்டீஸ் எங்கள் கடைக் கண்ணாடியிலேயே ஒட்டியிருந்தது. அதைப் போனில் படம் பிடித்து வந்து நீட்டினால், தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"என்னையக் கூப்பிடாம என் பாட்ட ஆராயிறாங்களாம். நீ வேணும்னா போ."

போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை, மண்டபத்தில் அரைவாசிக் கதிரை நிறைந்திருந்தது. மேடையில் ஆய்வாளர், செயலாளர், அவர்களுக்கு நடுவில் மாலை போட்ட ஒரு வெறுங் கதிரை. ஆய்வாளர் பெரிய படிப்பாளி. வாளிச் சத்தம் வறண்ட கருப்பையின் ஓலம் என்றார். பெரட்டு மணி யுகத்தின் முடிவாம். அட்டைப் பாட்டில் வருகிற அட்டை, ஆளை உறிஞ்சும் முதலாளித்துவம் என்றார். அது சரிதான், தங்கையே அப்படித்தான் சொன்னாள், அந்த ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பிறகு கடிதத்துக்கு வந்தார்.

"இங்கே கடிதம் என்பது கடிதமே அல்ல. கடல் கடந்து வந்த ஒரு சமூகத்தின் தாயக ஏக்கம். லாச்சி என்பது கூட்டு ஆழ்மனம். அதன் பிறகு வரும் அந்த நீண்ட மௌனம், பேச மறுக்கப்பட்ட இருநூறு ஆண்டுகள்."

எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் காது சுட்டது. உயர்தரப் பரீட்சைக்குத் தமிழ் எடுத்துப் படித்தவள் நான். குறியீடு என்றால் பிடிக்காது என்றில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த ஒருவருக்காவது, அது எந்த ஆபீஸ், கடிதம் ஏன் அங்கே கிடந்தது, இப்போதும் கிடக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லையே. ஆழ்மனம் என்று சொன்னவுடன் எல்லாருக்கும் நிம்மதியாகப் போய்விட்டது. ஆழ்மனத்தை யாரும் போய்த் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

அவர் விடவில்லை. நடுவில் இருந்த கதிரையைக் காட்டினார்.

"இதோ, இந்த வெற்றிருக்கையைப் பாருங்கள். நாம் அழைத்தும் கலைஞர் வரவில்லை. வராமையும் அவர் படைப்பின் ஒரு பகுதியே. அந்த மௌனத்தின் நீட்சி இது."

நான் எழுந்து நின்றேன்.

"நான் அவளோட அக்கா. அவளுக்கு அழைப்பு எதுவும் வரலீங்க. கூப்பிடலைன்னு வீட்டுல கோவமா இருக்கா."

செயலாளர் பதறிப் போனார். "மூனு கிழமைக்கு முந்தியே அனுப்பிட்டோமே தங்கச்சி. ஒரு கலைஞர போன்ல கூப்பிடுறது மரியாதை இல்லன்னு, அழைப்பிதழ் அடிச்சி, அல்பத்துல இருந்த தோட்டத்து விலாசத்துக்கே தபால்ல போட்டோம்."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வாரத்துக்கு முன் போட்ட அழைப்பு எங்கே கிடக்கும் என்று எனக்குத் தெரியும். அது அங்கே கிடந்தால் வேறு என்ன கிடக்கும் என்பதும் அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஆய்வாளர் என்னைப் பார்த்து, "ஒரு படைப்பை இவ்வளவு சிறியதாகச் சுருக்கிவிடக் கூடாது, அம்மா" என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கும்போதே வாசலில் நின்றேன். கிளாக்கர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். லாச்சியை இழுத்தார். மேலே தங்கையின் பெயருக்கு மஞ்சள் தடவிய அழைப்பிதழ். கீழே நீளமான பழுப்பு உறை, என் பெயருக்கு. அங்கேயே நின்று கிழித்தேன். நேர்முகத் தேர்வு போன வியாழக்கிழமை.

"ஒரு வார்த்த சொல்லியனுப்பியிருக்கலாமேங்கய்யா."

"சனிக்கெழம சனிக்கெழம வந்து கேட்ட ஆளு நீங்க. பாட்டுல என்னைய நாறடிச்ச பொறகு வரவே இல்ல. நான் வீடு வீடாக் கொண்டுவந்து குடுக்கவா?"

என்ன சொல்வது அந்த மனிதரை? தன் லாச்சியில் தன் கையாலேயே போட்டு வைத்துவிட்டு, ரோஷம் வேறு படுகிறார்.

தங்கை கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. "வா, கண்டிக்குப் போவோம்" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கே பஸ் ஏறினோம். தேர்வு நடத்திய அலுவலகத்தில் அவளை வெளியே கிடந்த மர வாங்கில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். அதிகாரி தமிழர், முகமும் இரக்கமான முகம். ஆபீஸ், பெரட்டு, லாச்சி என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் கண் விரிந்தது.

"அட, அந்த ஹிப்ஹொப் பாட்டு மாதிரியே இருக்கே. எங்க மகள் வீட்டுல எந்நேரமும் அதத்தான் போடுறா."

"பாடினது என் தங்கச்சிங்க சேர்."

"அப்படியா? என்ன ஆழமான கற்பனை. லாச்சின்னு சொல்றது நம்ம சனங்களோட மனசத்தானே?"

"இல்லீங்க சேர். கிளாக்கரையா மேசையில வலப்பக்கம் ரெண்டாவது லாச்சி."

அவர் ரசித்துச் சிரித்தார். பிறகு என் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாங்க நேரத்தோட அனுப்பியிருக்கோம் பாருங்க. கையில கெடைக்கலன்னா அதுக்கு ஆதாரம் வேணும். வெறும் கதைய வச்சி ஒன்னும் செய்யேலாதும்மா. ஒங்க தங்கச்சிக்கு என் வாழ்த்தச் சொல்லுங்க."

மணியை அடித்தார். அடுத்த ஆள் உள்ளே வந்து என் பின்னால் நின்றார்.

வெளியே தங்கை வாங்கை விட்டு எழுந்து ஓடி வந்தாள்.

"என்னாக்கா சொன்னாங்க?"

"பாட்டு நல்லா இருக்காம்" என்றேன்.