மறுமுறுக்கு

என் முப்பது வயதுகளில் நான் குளச்சலிலிருந்து வண்டியில் கயிறு ஏற்றிப்போய்க் கரையோர ஊர்களில் விற்றுவந்தேன். கடியப்பட்டணத்தில் ஒருவர் அயினிப் பலகைகளைக் கயிற்றால் தைத்து, தனக்கென்று சின்னதாக ஒரு வள்ளம் கட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், புருவமெல்லாம் தேங்காய் நார்த்தூள். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். என் கயிற்றையும் முகர்ந்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

வள்ளத்தின் ஒரு பக்கம் தைத்து முடிந்திருந்தது. மறுபக்கம் பாதியில் நின்றது.

"நல்ல கயிறுதாம் மொதலாளி. ஆனா இதுல தச்ச கயித்தோட சேராது. அது எனக்க பெஞ்சாதி திரிச்சது. அவளுக்கு எடது கை. முறுக்கு மறிச்சு கெடக்கும். ரெண்டையும் சேத்துக் கெட்டி இழுத்தா பிரிஞ்சு போவும்."

"அப்பம் மிச்சத்தையும் அவங்களையே திரிக்கச் சொல்லும்."

"ஈஸ்டருக்கு முந்தி அவ செத்துப்போனா."

நான் கயிற்றைச் சுருட்டி வண்டியில் வைத்தேன். ஆனாலும் வியாபாரப் புத்தி விடவில்லை. "தச்சத அவுத்துட்டு, முழுசும் நம்ம கயித்துல தையும் ஓய்" என்றேன்.

அவர் நாரை எடுத்துத் தொடைமேல் வைத்து இடது கையால் உருட்டினார். பழகாத கை, இழை முண்டும் முடிச்சுமாக வந்தது.

"உயிரோட இருந்தப்பம் ஒரு நாளும் வள்ளத்துல ஏறுனவ இல்ல. இப்பமாவது வரட்டும்" என்றார்.

அந்த வள்ளம் கடலில் இறங்கியதா என்று எனக்குத் தெரியாது. இன்றும் என் கடைக்குக் கயிற்றுக்கட்டு வந்தால், எடை போடுவதற்கு முன் முறுக்கைத்தான் பார்க்கிறேன். எல்லாம் வலது கை.