தம் பெயரையும் நீக்கியவர்

நடுவுநிலைமை நல்லறம், எனினும் சிலர் அதை உப்பளவில் இடாமல் அரிசியளவில் இட்டுவிடுகின்றனர். அவர்களுள் ஒருவர் ரங்கநாத். ஸ்ரீபெரும்புதூர்ச் சந்நிதியில் வைகறைப் பாசுரம் ஓதிவிட்டு, ஒரகடத்து உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் சர்வரைக் காக்கச் செல்பவர்.

நிர்வாகி உரிமை பெற்றோர் மிகப் பலர் என்று தணிக்கையாளர் குறைகூறவே, சென்ற வியாழன் மாலை அவர் சூடோ பட்டியலைத் திறந்தார். சர்வரில் முழு அதிகாரத்துடன் கட்டளையிடத் தக்கார் யார் யார் என்று உரைக்கும் பட்டியல் அது. எல்லா அதிகாரமும் உடைய ரூட் என்னும் மூலக் கணக்கையோ முன்பே பூட்டியிருந்தார். பதினொரு பெயர்களை நீக்கினார். பன்னிரண்டாவது தம் பெயர். ஊருக்கொரு நீதி, தமக்கொரு நீதியா? அதையும் நீக்கி, நிறைந்த மனத்தோடு வெளியேறினார்.

மறுநாள் நண்பகலில் லேபிள் அச்சிடும் நிரல் நின்றுபோயிற்று. லேபிள் இல்லாத பெட்டிகளோடு லாரி புறப்படலாகாது. லாரி புறப்படாமல் டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் மாரிசெல்வி நகரலாகாது. மாலை ஆறு மணிக்கு அவளுக்குப் பஸ். விடிந்தால் சங்கரன்கோவிலில் தங்கைக்கு நிச்சயதார்த்தம்.

நிரலை மீண்டும் இயக்க ரங்கநாத் கட்டளையிட்டார். "உம் பெயர் பட்டியலில் இல்லை; இச்செயல் மேலிடத்துக்கு அறிவிக்கப்படும்" என்றது சர்வர். அக்கணமே மேலிடத்துக்குப் புகார் மின்னஞ்சல் வந்தது. மேலிடமும் அவரே.

"வேலியப் போட்டுட்டு நீங்களே வெளிய நிக்கியளே சார்!" என்றாள் மாரிசெல்வி.

ஒரே வழிதான் எஞ்சியது: சர்வர் அறைக்குள் சென்று, இயந்திரத்தை அணைத்து, அது விழித்தெழும் வேளையில் இடைமறித்துப் பட்டியலைத் திருத்துவது. அறை வாயிலில் காவலர் பாண்டுரங்கன் இருந்தார்.

"என் மேல் ஒரு புகார் இருக்கு, பாண்டுரங்கன்" என்றார் ரங்கநாத், எவரும் கேளாமலே.

"அப்போ உள்ள வுட முடியாது சார். வெளக்கம் எழுதி, அது ஓகே ஆவணும். நீங்க போட்ட ரூலுதான?"

ரங்கநாத் விளக்கம் எழுதினார். படித்துப் பார்த்தார். நிறைவளிக்கவில்லை; தமக்கே திருப்பி அனுப்பினார். இரண்டாம் முறை எழுதத் தொடங்கியபோது மாரிசெல்வி கைகூப்பினாள்.

"சார், அந்த மனுசன் பாவம், மன்னிச்சு விட்டுருங்க. எனக்குப் பஸ்ஸு போயிரும்."

"எச்சரிக்கையோடு விடுகிறேன்" என்று கையொப்பமிட்டார். பாண்டுரங்கன் சிரிப்பை அடக்கியவாறு கதவைத் திறந்தார்.

அதன்பின் ரங்கநாத்தின் கை தடுமாறவில்லை. கால்மணி நேரத்தில் பட்டியலில் தம் பெயரை ஏற்றி, பிழை பார்க்கும் கட்டளையால் இருமுறை சரிபார்த்து, சர்வரை எழுப்பினார். லேபிள்கள் வந்தன. நான்கு மணிக்கு லாரி கிளம்பிற்று.

"வாரேன் சார்" என்று பையைத் தோளில் மாட்டி ஓடினாள் மாரிசெல்வி. ஆறு மணிப் பஸ்ஸில் சன்னலோர இருக்கையே கிடைத்ததாகப் பின்னர்ச் செய்தி அனுப்பினாள்.

ரங்கநாத்தும் அவர் மனையாள் ஜயஸ்ரீயும் வாழும் இல்லத்தில் விளக்கு குன்றாது ஒளிர்க. அடுக்களையில் அமுது குறையாது பெருகுக. சாவி உள்ளிருக்கக் கதவு தானே சாத்திக்கொள்ளாதிருக்க, எம்பெருமான் என்றும் துணைநிற்க.