பள்ளத்தாக்கின் விளிம்பில் படுத்தவர்

மேற்கு டெக்சாஸ் பாலைவனத்தில் ஒரு பள்ளத்தாக்கை மேப் போடும் வேலைக்காக, பிளானோவிலிருந்து எட்டு மணி நேரம் கார் ஓட்டிப் போனேன். அங்கே சர்வேயராக இருந்தவர் மதுரைக்காரர். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் தோல் உரிந்த மூக்கு, அகலமான தொப்பி. விளிம்பை நெருங்கினால் குப்புறப் படுத்துவிடுவார்; ஊர்ந்து போய்த்தான் அளவெடுப்பார். உயரம் என்றால் அவ்வளவு பயம்.

மூன்றாம் நாள், மேலே பறந்து படமெடுத்து அளக்கும் எங்கள் ட்ரோன் காற்றில் தடுமாறி, விளிம்புக்கு ஒரு முழம் கீழே ஒரு பாறைத் திட்டில் விழுந்தது. மூன்று நாள் அளவுகளெல்லாம் அதற்குள்தான் இருந்தன. எடுக்க நான் எழுந்து நடந்தேன்.

"தம்பி, நில்லு! அங்க மண்ணு லூசா இருக்கு!" என்று கத்தியவர், தானே ஊர்ந்து போனார். அவர் கால்களை நான் பிடித்துக்கொண்டேன். கண்களை இறுக மூடியபடியே கையால் துழாவி எடுத்துவிட்டார்.

"இவ்வளவு பயத்தோட எதுக்கு அங்கிள் இந்த வேலை?" என்றேன்.

"பயமில்லாதவன் எட்டிப் பாத்துட்டு, சுமாரா முன்னூறு அடின்னு எழுதிருவான். பயந்தவன்தான் ஒழுங்கா அளப்பான்."

"சரி, கீழ எப்படி இருக்குன்னு பாத்தீங்களா?"

"நான் ஏன்ப்பா பாக்கணும்? மேப் வந்ததும் பாத்துக்கிறேன்."

அங்குலம் அங்குலமாக அளந்த அந்தப் பள்ளத்தாக்கை அவர் ஒருமுறையாவது கண்ணால் பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.