பல்லுக்குப் போனேன், விரலைப் பார்த்தார்கள்

இன்று நாகர்கோவிலில் கடைவாய்ப் பல் சொத்தையை அடைக்கப் போயிருந்தேன். பல் நிறத்திலேயே ஒரு பசையால் அடைப்பதாகச் சொன்னார்கள்.

எதையும் எளிதில் நம்பாதவள் நான். அந்தப் பசை எதனால் ஆனது, அதை இறுக வைக்கும் நீல வெளிச்சம் கண்ணுக்குக் கெடுதலா என்று டாக்டரம்மாவைக் குடைந்தெடுத்தேன். பொறுமையாகப் பதில் சொல்லி, ஆரஞ்சு நிறக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார்.

நான் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். படிவத்தில் ‘ஒவ்வாமை: இல்லை’ என்று எழுதியிருந்தேன்.

டாக்டர் பசையைக் கையில் எடுத்தபோது, உதவிக்கு நின்ற கடியப்பட்டணத்துப் பெண் நாற்காலியை இறுகப் பிடித்திருந்த என் கையைக் கவனித்தாள்.

“எக்கா, வெரல் நுனியெல்லாம் என்ன இப்பிடி உரிஞ்சு கெடக்கு?”

தங்கை மகள் கல்யாணத்துக்கு, விளக்கில் காயவைக்கும் ஜெல் நகப்பூச்சு போட்டதையும் அன்றிலிருந்து அரிப்பதையும் கூச்சத்துடன் சொன்னேன்.

“நல்ல வேள, இவ கேட்டா. அதுலயும் இதுலயும் கிட்டத்தட்ட ஒரே வகைப் பசைதான். வெரலுக்கு ஒத்துக்காதது வாய்க்கும் ஒத்துக்காமப் போவலாம்” என்று டாக்டர் எடுத்ததைத் திரும்ப வைத்தார்.

அந்தப் பசை கலக்காத, பல் நிறத்துக்கு ஓரளவு ஒத்துப்போகிற வேறொன்றால் அடைத்தார். சற்றுச் சீக்கிரம் தேயுமாம். தோல் டாக்டரிடம் சோதித்த பிறகு, முதலில் சொன்ன பசை வேண்டுமா என்று பார்க்கலாம் என்றார்.

எழுந்ததும் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

“அது கெடக்கட்டும்க்கா. இனியாவது ஃபார்ம்ல உள்ளத எழுதுங்க” என்றாள்.

ஒவ்வாமைக் கட்டத்தில் நகப்பூச்சை எழுதியவர்கள் இந்தப் பதிவைப் பார்ப்பவர்களில் யாராவது உண்டா? என்னைவிடப் படித்தவர்கள் நீங்கள், சொல்லுங்கள்.