இரண்டாம் பாகம் பெரியம்மாவிடம்

என் அம்மாவும் பெரியம்மாவும் கதைப் புத்தகம் கையில் கிடைத்தால் சோற்றை மறந்துவிடுவார்கள். நாங்கள் ராஜபாளையத்தில், பெரியம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில். ஒருத்தி வாங்கிய புத்தகத்தை மற்றவள் இரவல் வாங்கிப் படிப்பாள். அம்மா சேலை மாற்றினாலே தாத்தா நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

“எங்கம்மா கெளம்பிட்ட?”

“அக்கா புஸ்தகத்தத் திருப்பிக் குடுக்கணும் மாமா.”

இரவல் பொருள் வீட்டில் தங்குவது தாத்தாவுக்குப் பிடிக்காது. உடனே போய்வரச் சொல்லிவிடுவார். அங்கே அக்காவும் தங்கையும் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்து, அழுது, மறுபடி சிரித்து, திரும்பும் பஸ்ஸைக் கோட்டைவிடுவார்கள். நான் பால்கோவா தின்றுகொண்டிருப்பேன்.

நான் ஐந்தாவது படிக்கும்போது, மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்த அப்பா ஒரே மாதிரி இரண்டு டேப்லெட் வாங்கினார். இரண்டிலும் நாவல்களாக ஏற்றி, ஒன்றைப் பெரியம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். “இனிமே ரெண்டு பேரும் பஸ்ல இடிபட வேண்டாம்” என்றார். தெருவே மெச்சியது.

அம்மா மட்டும் வாடிப்போனாள். ஒருநாள் சேலை மாற்றிக்கொண்டு வந்தவளிடம் தாத்தா, “அதான் எல்லாம் அந்தப் பலகைக்குள்ளயே இருக்காம்ல. பொறவு என்னத்தத் திருப்பிக் குடுக்கப் போற?” என்றார். அன்றைக்கு ரசத்தில் உப்பே இல்லை.

மறுவாரம், “அக்கா வாசிக்கக் கேட்டா மாமா” என்று டேப்லெட்டையே பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். சாயங்காலம் பெரியம்மாவின் டேப்லெட்டோடு திரும்பினோம். அப்பா தலையில் கைவைத்தார். “இந்தா, ரெண்டும் ஒண்ணுதான! அதுல உள்ளதுதான இதுலயும் இருக்கு!” தாத்தா காதில் அது நன்றாகவே விழுந்தது. அந்த வழியும் அடைபட்டது.

அம்மா சும்மா இருக்கவில்லை. இரண்டு பாகமுள்ள ஒரு தடித்த நாவலை அச்சுப் புத்தகமாகவே வாங்கினாள். டேப்லெட்டிலேயே அது இருக்கிறது என்று அப்பா சொல்லிப் பார்த்தார். “கண்ணு வலிக்கி” என்றாள். முதல் பாகத்தைத் தான் வைத்துக்கொண்டு, “அக்காட்ட ஒண்ணக் குடுத்துட்டு வாரேன் மாமா” என்று கிளம்பி, இரண்டாம் பாகத்தைப் பெரியம்மா கையில் கொடுத்தாள். பெரியம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அடுப்படி அதிரச் சிரித்தாள்.

“ஏட்டி, சீக்கிரம் முடிச்சிராத! ரெண்டையும் மாத்தி மாத்தி வாங்கிக்கிடணும்ல!”

பின்பாதியை முதலில் படித்தால் கதை எப்படிப் புரியும் என்று பஸ்ஸில் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். இத்தனை புத்தகம் படித்தும் இரண்டு பேருக்கும் இது தெரியவில்லையே என்று எனக்கு ஒரே கவலை.