பக்கம் திருப்பக் காத்திருந்தவர்

காலை ஏழே காலுக்குச் சிதம்பரத்தில் கடலூர் பேருந்து ஏறியிருந்தேன். டிக்கெட் கொடுத்த நடத்துநர், "சார், உங்ககூட ஒக்காந்து படம் போட்ட புக்கு படிப்பாரே, அவுரு நேத்து தவறிட்டாராமே" என்றார். இருதயராஜ் இறந்த செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. புதுச்சத்திரத்தில் இறங்கி, எதிரே வந்த பேருந்தில் திரும்பினேன்.

2005இல் கடலூர் அலுவலகத்துக்கு நான் மாற்றலாகி வந்தபோது வயது நாற்பத்திரண்டு. தினமும் போக ஒரு பேருந்து, வர ஒரு பேருந்து. வீடு வந்து சேரும்போது பேசக்கூடத் தெம்பிருக்காது. அப்படி ஒரு மாலையில், பக்கத்து இருக்கையிலிருந்த எங்கள் அலுவலகப் பதிவறை இருதயராஜ் ஒரு காமிக்ஸைப் பிரித்தார். முகமூடிக்காரன் ஒருவன் மாடியிலிருந்து குதித்துக்கொண்டிருந்தான். ஆறாம் வகுப்போடு நான் விட்ட சமாச்சாரம். ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் தலை நிமிராமல், "படிச்சிட்டீங்களா சார்? திருப்பட்டுமா?" என்றார்.

அப்புறம் அவர் ஓய்வு பெறும்வரை ஆறு வருடம் ஒரே புத்தகத்தை இருவரும் படித்தோம். நான் மெதுவாகப் படிப்பவன். அவர் முடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாளும் அவசரப்படுத்தியதில்லை. "எத்தினி தடவ ஊரக் காப்பாத்தினாலும் அடுத்த மாசம் மறுபடி காப்பாத்த வேண்டியிருக்கு பாருங்க, நம்ம ஃபைலு மாதிரி" என்பார். "முகமூடியக் கழட்டிட்டா அவனும் காலையில வேலைக்கிப் போயாவணும் சார்" என்றும் சொல்வார். நான் சிரித்ததெல்லாம் பெரும்பாலும் அந்தப் பேருந்தில்தான்.

ஒருமுறை கதை முக்கியமான கட்டத்தில் இருக்கும்போது சிதம்பரம் வந்துவிட்டது. பொறுக்க முடியாமல் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போனேன். மறுநாள் அதிகாரியின் அறையில் பையிலிருந்து கோப்பை உருவியபோது அதுவும் சேர்ந்து கீழே விழுந்தது. "இன்னாய்யா இது? யாருது?" என்றார் அதிகாரி. "இருதயராஜோடது சார்" என்று என் வாய் முந்திக்கொண்டது. பொய்யில்லைதான். ஆனால் எதற்காகச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். அங்கேயே நின்றிருந்த இருதயராஜ், "ஆமா சார், என்னுதுதான். அவுரு பையில நான்தான் வெச்சேன்" என்றார்.

அன்றிலிருந்து அலுவலகத்தில் அவருக்குப் பறக்கும் மனுசன் என்று பெயர். ஓய்வு பெற்ற நாளில் மேடையிலும் அதைச் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். புத்தகம் விழுந்த அன்று மாலை பேருந்தில் அவர் கேட்டது ஒன்றுதான்: "எந்த எடத்துல உட்டோம் சார்?" மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வரவில்லை. பிறகும் கேட்கவே இல்லை.

சாவுச் செய்தி கேட்டுத் திரும்பிய அன்று அவர் வீட்டு வாசலில், "பறக்கும் மனுசனுக்கு மாலை வாங்கியாச்சா?" என்று நம் அலுவலகக்காரர்களில் ஒருவர் கேட்டார். என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே போய் அவர் மனைவியிடம், "அம்மா, அந்தப் புத்தகம் என் பையிலேர்ந்துதான் விழுந்துச்சு. படிக்க எடுத்துட்டுப் போனது நான்தான்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரியும் சார். அன்னிக்கே சொன்னாரு. சார் சங்கடப்பட்டுக்கிட்டு நாளைக்கி வேற சீட்டுல போயி ஒக்காந்துடுவாரோன்னுதான் ராத்திரி பூரா பொலம்பினாரு."

அவரை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பெயர் எனக்கு வந்திருக்க வேண்டியது. காமிக்ஸை இப்போது நானே வாங்குகிறேன், பேருந்தில் மறைக்காமல் பிரித்து வைத்துக்கொள்கிறேன். பக்கத்தைப் படித்து முடித்ததும் கை தானாக நின்றுவிடுகிறது. பக்கத்து இருக்கையில் யார் இருந்தாலும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் திருப்புகிறேன்.