அறுபத்திரண்டு என்று எழுதச் சொன்னவன்

இது கதையில்லை. நடந்தது. நம்பாதவர்களிடம் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. எனக்கு வந்தது மதியம் 2.40-க்கு, சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்த கையோடு.

நான் ரசாயனப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு திரவத்தின் ஆவி எத்தனை டிகிரி சூட்டில் தீயைப் பிடிக்கும் என்று அளந்து சொல்ல வேண்டும். ஃப்ளாஷ் பாயின்ட் என்போம். பித்தளைக் கப்பில் கோடுவரை ஊற்றி, மூடி, மெல்லச் சூடேற்றுவோம். ஒவ்வொரு டிகிரிக்கும் பட்டாணி அளவு சுடரை மூடியின் துளை வழியாகக் காட்டி எடுப்போம். ஆவி பற்றினால் நீலமாக ஒரு மினுக்கு, அவ்வளவுதான். அது கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று திரையை இழுத்து அறையை இருட்டாக்கிவிடுவோம். காற்று அசையக் கூடாது. ஃபேனும் கிடையாது.

அறுபதும் அதற்கு மேலும் வந்தால் சாதாரண குடோனில் வைக்கலாம். கீழே வந்தால் ஒதுக்குப்புறமாகத் தனிக் கொட்டகை வேண்டும். எண் தப்பினால் யாரோ ஒருவர் கருகிப்போவார். அதனால்தான் ஒரே தாளில் இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, அவரவர் கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி.

அந்த இன்னொருவன் என் கூட்டாளி. நான் அளக்கும்போது பின்னால் நின்று சூட்டை ஒவ்வொன்றாகச் சொல்லுவான். அதனால் அவனுக்கு ‘டிகிரி’ என்று பேர். ஆறு வருஷப் பழக்கம். விதியை நாங்கள் கொஞ்சம் வளைத்திருந்தோம். மாதம் பிறந்ததும் வெற்றுத் தாள்களில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அடுக்கிவிடுவோம். லீவு போட்டவன் மறுநாள் வந்து, தன் பங்கை அளந்து, எண்ணை மட்டும் எழுதுவான். அவன்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அன்று அவன் லீவு. அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தான். மேஜையில் ஒரு மெஷின் கழுவும் திரவம். நாலு மாதம் முன்னால் எங்களிடம் பாஸான சரக்குதான், மறுபடி வந்திருந்தது. கதவைச் சாத்தினேன். திரையை இழுத்தேன். 2.40.

“முப்பது.”

பின்னாலிருந்து டிகிரியின் குரல்.

“லீவு போட்டுட்டு இங்க என்னடா பண்றே?” திரும்பாமலே கேட்டேன்.

“முப்பத்தொண்ணு.”

அந்தக் கதவு திறந்தால் கிறீச்சிடும். சத்தமே கேட்கவில்லை. வெப்பமானி என் மூக்குக்கு நேரே இருந்தது. பின்னால் நிற்பவன் எட்டிப் பார்க்காமல் எண்ணைப் படிக்க முடியாது. அவன் எட்டிப் பார்க்கவில்லை...

பின்னாலிருந்து மூச்சுப்போல ஏதோ பட்டு, சுடர் எதிர்ப்பக்கம் சாய்ந்தது.

2.48. முப்பத்தெட்டில் நீல மினுக்கு. பளிச்சென்று.

“பிடிச்சிருச்சு. முப்பத்தெட்டு.”

“இல்ல.”

“என் கண்ணால பாத்தேன்டா.”

“முப்பத்தொம்பது.”

முப்பத்தெட்டு என்று தாளில் எழுதினேன். ஹீட்டரை அணைத்தேன். சுடரையும் அணைத்தேன்.

“நாப்பது... நாப்பத்தொண்ணு...”

முடி பொசுங்கும் வாசனை.

திரும்ப முடியவில்லை. கழுத்து மரத்துவிட்டது.

“அறுபத்தொண்ணு...”

காதுக்குப் பக்கத்தில்.

“அறுபத்திரண்டு. எழுது, மாப்ள.”

“மாட்டேன்.”

“உன் கையெழுத்து ஏற்கெனவே இருக்கு.”

பாய்ந்து திரையை விலக்கினேன்.

வெயில்.

யாருமில்லை.

3.05-க்கு போன் அடித்தது. அவன் மனைவி.

“அண்ணா... அவங்க அக்கா வீட்டுக்காரர் குடோன்ல தீ... உள்ள இவர் இருந்தாரு...”

தீப்பிடித்தது 2.10-க்கு. அவன் வெளியே வரவே இல்லை.

மயானத்தில் அவனுக்காக நான் குலுங்கி அழுதேன். அடுத்த வாரம் விசாரணை அதிகாரி பழைய ரிப்போர்ட்டை என் முன்னால் போட்டார். எரிந்தது அதே திரவம். குடோனுக்குச் சொந்தக்காரர் அவனுடைய அத்தான்; அறுபதைத் தாண்டினால் அவருக்குத் தனிக் கொட்டகைச் செலவு மிச்சம். நாலு மாதம் முன்னால் அறுபத்திரண்டு என்று எழுதிப் பாஸ் போட்டவன் டிகிரி. என் கட்டத்திலும் அறுபத்திரண்டு, அவன் கையால். கீழே என் கையெழுத்து. அவன் அளந்த நாளும் மறுநாளும் என் பையனுக்குக் காய்ச்சல் என்று நான் லீவில் இருந்தேன். ஆறு வருஷம் கூடச் சாப்பிட்டவன் என் முதுகில் குத்தியிருக்கிறான். அழுத கண்ணீர் எல்லாம் எனக்கே வயிற்றெரிச்சலாகிவிட்டது.

“கையெழுத்துப் போட்டவங்கள்ல இப்ப நீங்க ஒருத்தர்தான் பாக்கி,” என்றார் அதிகாரி.

நான் உண்மையாகத்தான் அளப்பேன் என்று காட்ட, அன்றைய தாளை எடுக்க ஓடினேன். தாளை வைத்துப் பூட்டிய பீரோவின் சாவி அன்றிலிருந்து என்னிடம்தான் இருந்தது. என் கட்டத்தில் முப்பத்தெட்டு, நான் எழுதியபடியே. அவன் கட்டத்தை நான் காலியாகத்தான் விட்டிருந்தேன்.

காலியாக இல்லை. ‘62’ என்று அவன் கைப்பட எழுதியிருந்தது. ஓரத்தில் கரி விரலின் தடம். பக்கத்தில் நேரமும் எழுதியிருந்தான்: 2.58.

அப்போது குடோன் தீப்பிடித்து நாற்பத்தெட்டு நிமிஷம் ஆகியிருந்தது. செத்த பிறகும் அவன் என் பக்கம் நிற்கவில்லை.